மேஜர்: படையிலும் வீட்டிலும்

ராணுவக் குடும்பக் கதையைத் தமிழில் எழுதும்போது 'மேஜர்' என்ற பதவியை எப்படிச் சொல்வது? நடிகர் மேஜர் சுந்தரராஜன் ராணுவத்தில் வேலை பார்த்தவர் அல்லர். கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' மேடை நாடகத்திலும், 1966இல் வந்த அதன் படத்திலும் பார்வையிழந்த ஓய்வுபெற்ற அதிகாரியாக நடித்ததால் ஒட்டிக்கொண்ட அடைமொழி அது. தன் வீட்டில் அடைக்கலம் புகுந்தவன் கொன்றது தன் மகனையேதான் என்று அறியும் தகப்பன் வேடம். ராணுவக் குடும்பக் கதை என்றால் தமிழில் 'மேஜர்' என்ற சொல்லே முதலில் நினைவுக்கு வர அந்தப் படமும் ஒரு காரணம்.

சொல்லின் வேர் லத்தீன். 'மாயோர்' என்றால் 'இன்னும் பெரிய', 'மூத்த'. ரிப்பன் மாளிகையில் அமரும் 'மேயர்' இதன் உடன்பிறப்பு. ஐரோப்பியப் படைகளில் முதலில் 'சார்ஜென்ட் மேஜர்' என்று இருந்தது. முன்பாதி உதிர்ந்து 'மேஜர்' ஆயிற்று. அதேபோல் 'சார்ஜென்ட் மேஜர் ஜெனரல்' சுருங்கி 'மேஜர் ஜெனரல்' ஆனது. மேஜர் லெப்டினன்டுக்கு மேல். ஆனால் மேஜர் ஜெனரல் லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழ். இந்தக் குழப்பத்தின் காரணம் உதிர்ந்துபோன அந்த 'சார்ஜென்ட்'தான்: சார்ஜென்ட் லெப்டினன்டுக்குக் கீழ். 'மேஜர் ஜெனரல்' என்பதைப் 'பெருந்தளபதி' என்று பெயர்த்தால் வரிசையே தலைகீழாகிவிடும்.

இந்தியத் தரைப்படையில் கேப்டனுக்கு மேல், லெப்டினன்ட் கர்னலுக்குக் கீழ் மேஜர். தோளில் மூன்று நட்சத்திரம் இருந்தால் கேப்டன். தனியாக ஒரு சிங்கமுகச் சின்னம் மட்டும் இருந்தால் மேஜர். சின்னத்தோடு ஒரு நட்சத்திரமும் சேர்ந்தால் லெப்டினன்ட் கர்னல். படங்களில் உடை தைப்பவர்கள் தவறிவிடக்கூடிய இடம் இது. சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து வெளியே வரும் இளைஞர் லெப்டினன்ட். அவரை முதல் காட்சியிலேயே 'மேஜர்' என்று அழைப்பது பிழை.

தமிழில் என்ன சொல்வது? 'தளபதி' பொருந்தாது; அது ஜெனரலுக்கே சரி. காலாட்படையில் மேஜர் நூற்றுச்சொச்சம் வீரர்கள் கொண்ட கம்பெனியை நடத்துவதால், விவிலியத் தமிழின் 'நூற்றுவர் தலைவர்' பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் ராணுவ மருத்துவரும் மேஜராக இருப்பார். அவருக்குக் கீழே நூறு பேர் இல்லை. அதிகாரிகளைப் பொதுவாகக் குறிக்க வள்ளுவரே ஒரு சொல் தந்திருக்கிறார்: 'நிலைமக்கள் சால உடைத்தெனினும் தானை தலைமக்கள் இல்வழி இல்'. நிலைத்து நிற்கும் வீரர்கள் நிறைய இருந்தாலும் தலைவர்கள் இல்லாவிட்டால் படை இல்லை என்கிறார். தலைமக்கள், அருமையான சொல். ஆனால் ஒரு பதவிப் படியை மட்டும் அதனால் சுட்ட முடியாது.

ஆகவே பெயருக்கு முன் 'மேஜர்' என்றே வைக்கலாம். விவரிப்பில் 'படை அதிகாரி' போதும். வசனத்தில் ஒரு எச்சரிக்கை: 'பொண்ணு மேஜர்' என்றால் 18 வயது நிறைந்தவள் என்று பொருள். ராணுவ அப்பாவை எதிர்த்து மகள் காதலிக்கும் காட்சியில் இரண்டு மேஜரும் மோதும். அங்கே மகளுக்கு 'வயசு வந்தவ' என்று எழுதினால் பூப்பெய்தியவள் என்றாகிவிடும். 'பதினெட்டு முடிஞ்சவ' என்று எழுதுங்கள்.