மிதக்கிறதா, மூழ்குகிறதா? சீல் எழுதும் கொழுப்புக் கணக்கு

"அண்டார்டிகா கடல் குளிர்காலத்தில் உறைந்துவிடுகிறது, கப்பல் போவதே பெரும்பாடு. அப்புறம், அங்கே திரியும் சீல் வயிறாரச் சாப்பிட்டதா, பட்டினி கிடந்ததா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது.

தெற்கு யானைச் சீல் என்ற கடல்நாயைத்தான் கேட்கிறார். தெற்கு ஜார்ஜியா, கெர்கலன், மக்குவாரி தீவுகளில் குட்டி போடும். ஆண்டில் பெரும்பகுதி கடலிலேயே கழிக்கும். ரோமம் உதிர்ந்து புதிதாக முளைத்ததும் தலையில் ஒரு சிறு கருவியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஆழம், வெப்பநிலை, உப்புத்தன்மை மூன்றையும் அது அளக்கும். சீல் மூச்சு வாங்க மேலே வரும் இரண்டு மூன்று நிமிடங்களில் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிடும்.

சரி, இதில் சாப்பாடு எங்கே வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். யானைச் சீல் சில முக்குளிப்புகளில் நீந்துவதை நிறுத்திவிட்டு, ஓய்வாக அப்படியே கிடக்கும். முக்குளிக்கும் முன்பே மூச்சை வெளியே விட்டுவிடுகிறது. மிச்சக் காற்றும் ஆழத்தின் அழுத்தத்தில் சுருங்கிவிடுகிறது. ஆகவே அது மிதப்பதா மூழ்குவதா என்பதைத் தீர்மானிப்பது உடம்பில் உள்ள கொழுப்புதான். கொழுப்பு நீரைவிட லேசு. தசையும் எலும்பும் கனம். கரையில் பட்டினி கிடந்து மெலிந்த சீல், நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் வீதம் உதிர்ந்த இலைபோல இறங்கும். இரை கிடைக்கக் கிடைக்க, வாராவாரம் அந்த வேகம் குறையும். நன்றாகக் கொழுத்த சீல் இறங்காது, மெல்ல மேலே வரும்! தராசே இல்லாமல், பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எடை பார்த்தாயிற்று.

எந்த நீரில் கொழுத்தது என்பதையும் அதே கருவி சொல்லிவிடுகிறது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், அட்லாண்டிக் பக்கத்துச் சீல்கள் ஆழ்கடலின் வெதுவெதுப்பான நீர் மேலெழும் இடங்களில் கொழுத்திருந்தன. இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் சில, குளிர்காலப் பனிக்கட்டிக்கு அடியிலேயே இரை தேடிக் கொழுத்தன.

அந்தப் பனிதான் இப்போது குறைகிறது. 2023-இல் குளிர்கால உச்சத்தில்கூட அது 1.7 கோடி சதுர கிலோமீட்டரை எட்டவில்லை. செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவே மிகக் குறைவு. இதனால் சீல்கள் மெலிகின்றனவா என்று அறிய, ஆண்டு தவறாமல் அளக்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கு மட்டும் நிதி கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவது இந்த மாதிரி வேலைக்குச் சற்றும் பொருந்தாது என்பது என் கருத்து. அடுத்த முறை ரோமம் உதிரும்போது கருவியும் கழன்று விழுந்துவிடும். புதிதாக ஒன்றை ஒட்டினால்தான் அடுத்த ஆண்டின் கணக்கு.