ட்வென்டிநைனர்: 29 என்பது எந்த அளவு?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வார இறுதியில் கிபா கார்ஜ் சைக்கிள் பூங்காவுக்கோ, வடகரையில் கரும்புக்காட்டுக்குள் ஓடும் ஹோலா டிரெயில்ஸ் பாதைகளுக்கோ போனால் 'ட்வென்டிநைனர்' என்ற சொல் அடிக்கடி காதில் விழும். 1860 முதல் இந்தக் கரும்பு வட்டாரத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் இன்று அங்கே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இந்த வண்டி நன்றாகத் தெரியும், அதற்கான தமிழ்ப் பெயர்தான் தெரியாது.

29 அங்குலச் சக்கரம் உள்ள மலை மிதிவண்டிக்குத்தான் இந்தப் பெயர். ஆனால் ரிம்மில் டேப் வைத்து அளந்தால் 29 வராது. டயர் உட்காரும் விளிம்பின் குறுக்களவு 622 மில்லிமீட்டர், ஏறத்தாழ இருபத்து நாலரை அங்குலம். அதன்மேல் 57 மி.மீ. பருமனுள்ள டயரை மாட்டிக் காற்றடித்தால், மேலும் கீழுமாகச் சேர்த்து 736 மி.மீ. ஆகிவிடும். அதுதான் 29 அங்குலம். ஆக, பெயரில் உள்ள எண் ரிம்முக்கு உரியதல்ல, டயரோடு சேர்ந்த மொத்த உயரத்துக்கு உரியது. ரோடு பைக்கில் '700 சி' என்று எழுதியிருக்கிறதே, அந்த ரிம்முக்கும் இதே 622 மி.மீ.தான். டயர் மெலிந்தால் ரோடு பைக், தடித்தால் ட்வென்டிநைனர்.

இந்த எண் இவ்வளவு தாமதமாக வந்ததற்கும் டயர்தான் காரணம். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர்கள் கையில் கிடைத்த பழைய தடி டயர் சைக்கிள்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுக்கு 26 அங்குலச் சக்கரம், அதாவது 559 மி.மீ. ரிம். அந்த அளவே நிலைத்துவிட்டது. அதுதான் சிறந்தது என்று யாரும் சோதித்து முடிவு செய்யவில்லை. 1999இல் டபிள்யூ.டி.பி. நிறுவனத்தின் நானோராப்டர் என்ற தடி டயர் வந்த பிறகுதான் 622 ரிம்மைக் காட்டுப்பாதைக்குக் கொண்டுபோக வழி பிறந்தது. கேரி ஃபிஷர் போன்ற மிதிவண்டி வடிவமைப்பாளர்கள் அதை விடாமல் முன்னெடுத்தார்கள். 2011இல் யாரோஸ்லாவ் குல்ஹவி 29 அங்குல வண்டியில் கிராஸ் கன்ட்ரி உலகச் சாம்பியன் ஆனார். மலைச்சரிவில் பாயும் டவுன்ஹில் பந்தயத்துக்கு இது ஒத்துவராது என்ற பேச்சு அதன் பிறகும் ஓயவில்லை. 2017இல் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியத்தில் நடந்த உலகக் கோப்பைச் சுற்றை இந்தச் சக்கரத்தில் வென்று அந்தப் பேச்சை அடக்கியவர் நம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரர் கிரெக் மின்னார்.

பெரிய சக்கரத்தால் என்ன லாபம்? பத்து சென்டிமீட்டர் உயர வேர் ஒன்று பாதையில் குறுக்கே கிடக்கிறது என்று வையுங்கள். 26 அங்குலச் சக்கரம் அதில் சுமார் 46 பாகைக் கோணத்தில் மோதும், 29 அங்குலம் சுமார் 43 பாகையில் மோதும். கோணம் குறையக் குறையச் சக்கரம் எளிதாக ஏறிக் கடக்கும். கணக்கில் மூன்று பாகை சின்ன வித்தியாசம்தான். ஆனால் கல்லும் வேருமாக வரிசையாக வரும் இடத்தில் ஒவ்வொரு மோதலிலும் அது கைக்குத் தெரியும். எடை சற்றுக் கூடும், நெருக்கமான வளைவுகளில் திருப்பக் கொஞ்சம் நிதானம் வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு 27.5 அங்குலம் பொருந்தலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பெருஞ்சக்கர மலை மிதிவண்டி' என்றால் பொருள் விளங்கும், ஆனால் மூச்சு வாங்கும். ஈழத் தமிழில் மோட்டார் சைக்கிளுக்கு 'உந்துருளி' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. 'உருள்' நம்முடைய பழைய வேர், குறளின் 'உருள்பெருந்தேர்' இருக்கிறதே. அந்த வழியில் 'பேருருளி' என்று சொல்லலாம். எழுத்துக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பேச்சுக்கு அதுகூடத் தேவையில்லை. கடையில் 'எட்டு முழம் எடுங்க' என்றால் வேட்டிதான் வரும், அளவே பெயராகி நிற்பது தமிழுக்குப் பழகிய வழக்கம். 'என் இருபத்தொன்பது' என்று தாராளமாகச் சொல்லலாம். 'சிங்கிள் டிராக்' என்பதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், அது நம் ஒற்றையடிப்பாதை.

கவனம் வேண்டிய இடம் 'சிங்கிள் ஸ்பீட்', அதாவது கியர் மாற்ற முடியாத வண்டி. இதை 'ஒற்றை வேக வண்டி' என்று எழுதுகிறார்கள். அது தப்பு. வேகம் ஓட்டுபவரின் கால் போடும் கணக்கு, கூடும், குறையும். மாறாமல் இருப்பது பல்சக்கர விகிதம் மட்டும்தான். அதனால் 'ஒற்றைக் கியர்' அல்லது 'ஒற்றைப் பல்லிணை' என்பதே சரி. ஃபிக்ஸியோடும் இதைக் குழப்பக் கூடாது. ஃபிக்ஸியில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். ஒற்றைக் கியரில் ஃப்ரீவீல் உண்டு, இறக்கத்தில் பெடலைச் சும்மா வைத்துக்கொண்டு போகலாம்.

சக்கர அளவுக்கும் கியருக்கும் உள்ள உறவும் ஒற்றைக் கியர் வண்டியில்தான் தெளிவாகத் தெரியும். 26 அங்குல வண்டியில் முன்னால் 32 பல், பின்னால் 16 பல் என்பது பழகிய ஜோடி. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 4.1 மீட்டர் நகரும். அதே ஜோடியை இருபத்தொன்பதில் மாட்டினால் 4.6 மீட்டருக்கு மேல் போகும், ஏற்றத்தில் முழங்கால் கெஞ்சும். பின்னால் 18 பல்லாக மாற்றினால் மறுபடி 4.1 மீட்டருக்கே வந்துவிடும். செங்குத்தான ஏற்றங்கள் அதிகமென்றால் 20 பல் போடுவார்கள். இன்னொன்று, செயினை இழுத்துப் பிடிக்க இதில் டீரெய்லர், அதாவது கியர் மாற்றும் கருவி, கிடையாது. பின்சக்கரத்தை நகர்த்தியோ, பெடல் அச்சு இருக்கும் கூட்டைத் திருப்பியோதான் தொய்வை எடுக்க வேண்டும். அந்த வசதி ஃபிரேமில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் காசை எடுங்கள்.