தற்கொலைக்கு முயன்றவர்களும் 14416-ஐ அழைக்கலாம்: போலீஸ் கேஸ் ஆகுமா?

காயம் பெரிதாக இருந்தாலோ, எதையாவது விழுங்கியிருந்தாலோ முதல் அழைப்பு 108-க்குத்தான். ஆள் தெளிவாகத்தானே பேசுகிறார் என்று காத்திருக்க வேண்டாம். சில நஞ்சுகள் உடம்பில் வேலையைக் காட்டவே பல மணி நேரம் ஆகும்.

அந்த ஆபத்து இல்லாதபோதும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகும் பேசுவதற்கு இருக்கிறது 14416. ஒன்றிய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைத் திட்டமான டெலி மானஸின் எண் இது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதன் தலைமை மையம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. 1800-891-4416 என்ற எண்ணும் உண்டு.

மொழியைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். மருந்தோ கூடுதல் சிகிச்சையோ தேவை என்று பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள், அல்லது மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். சாக வேண்டும் என்றில்லை, மனபாரம் தாங்காமல் கையைக் கிழித்துக்கொண்டேன் என்பவரும் தயங்காமல் அழைக்கலாம். ‘இது சின்ன விஷயம்’ என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

பலரைத் தடுப்பது வேறொரு பயம்: ‘போலீஸ் கேஸ் ஆகிவிடுமே!’ மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115 இதற்குப் பதில் சொல்கிறது. வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அதற்காக அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அதே பிரிவு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. என் பார்வையில் அதிகம் பேசப்பட வேண்டிய வரி அதுதான், பேசப்படுவதோ குறைவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரைக் கடமையில் நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் அதில் 226-ஆம் பிரிவின் கீழ் குற்றமாக நீடிக்கிறது.

மருத்துவமனையில் எம்.எல்.சி. (சட்டம் தொடர்பான மருத்துவப் பதிவு) போட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் போகக்கூடும். அது பதிவு நடைமுறை. அதற்குப் பயந்து காயத்தின் காரணத்தை மறைத்தால் சிகிச்சைதான் தவறிப்போகும்.

சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைப்பதும் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும், தேவையான அளவுக்கு மற்றவர்களிடம் சொல்லலாம்.

வீட்டில் இருப்பவர்களும் 14416-ஐ அழைத்து, முயன்றவரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கலாம். ‘சாகணும்னு தோணுதா?’ என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைப் புதிதாக விதைத்துவிடாது. தோன்றுகிறது என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணை அழுத்துங்கள்.