"நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்ற பிறகு என்ன பேசுவது?

மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, சமூகப் பணி என எல்லாத் துறை மாணவர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து, நோயாளியோடு சேர்ந்து முடிவெடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்து வருகிறேன். விளக்கம் சொல்வதில் இவர்களைக் குறை சொல்லவே முடியாது. என்ன நோய், என்னென்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று மளமளவென ஒப்பிப்பார்கள். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததும்தான் தடுமாற்றம்.

மூட்டுத் தேய்மானம் முற்றிய பாட்டியாக ஒருவர் நடிப்பார். மாணவர்தான் டாக்டர். மாத்திரை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, ஊசி, கடைசியாக மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. எல்லாம் சொல்லி முடித்து, "ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?" என்பார். "எனக்கு என்னப்பா தெரியும், நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்பார் பாட்டி. மாணவர் முகத்தில் நிம்மதி தெரியும். "அப்போ ஆபரேஷன் பண்ணிடலாம்." படிவத்தில் கையெழுத்து, கதை முடிந்தது.

அந்த இடத்தில் காட்சியை நிறுத்திவிடுவேன். அதையே மறுபடி நடத்தும்போது மாணவர் பேச வேண்டியது இவ்வளவுதான்: "என் கருத்தைக் கண்டிப்பா சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த வலியால எதைச் செய்ய முடியாமப் போனது உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு?" கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம். ஐந்து விநாடி மௌனத்தைத் தாங்க முடியாமல் "நடக்கறதா? தூங்கறதா?" என்று பதிலையும் தாங்களே எடுத்துக் கொடுப்பார்கள். காத்திருந்தால், "பேரனோட தரையில உட்கார்ந்து விளையாட முடியலயே" என்று வரும். செயற்கை மூட்டு பெரும்பாலானோருக்கு வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் மண்டியிடுவதும் தரையில் உட்கார்ந்து எழுவதும் அதற்குப் பிறகும் பலருக்குச் சிரமம்தான். பாட்டிக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்த பிறகும் "பரவாயில்ல, வலி போனா போதும்" என்று சொன்னால், அது அவர் எடுத்த முடிவு. "இப்பவும் நீங்களே சொல்லுங்க" என்றாலும் சரி, தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இப்போது அந்தப் பரிந்துரை அவருக்கானது.

மருத்துவ ஆய்வாளர் க்ளின் எல்வின் குழுவினர் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய மூன்று படி முறையைத்தான் வகுப்பில் பயன்படுத்துகிறேன். 'இதில் ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறது, சேர்ந்து யோசிப்போம்' என்று தொடங்குவது முதல் படி. வழிகளை ஒப்பிடுவது இரண்டாவது. அவருக்கு எது முக்கியமோ அதை வைத்து முடிவுக்கு வருவது மூன்றாவது. மாணவர்கள் நேராக இரண்டாவது படியில் போய் நிற்பார்கள். பாடப்புத்தகம் முழுக்க இருப்பது அதுதானே.

சட்டம் படித்ததும் இந்தப் பழக்கம் இன்னும் முற்றும். பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் 2015 மான்ட்கோமரி தீர்ப்பைப் பாடத்தில் சேர்த்திருக்கிறோம். நீரிழிவு இருந்த, உடல்வாகு சிறிய ஒரு கர்ப்பிணிக்கு, பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் என்பதை மருத்துவர் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது 'எதையும் விட்டுவிடாமல் சொல்லிவிட வேண்டும்' என்ற பயத்தை. அதே தீர்ப்பு, புரியாத தொழில்நுட்பத் தகவலைக் கொட்டுவதாலோ வழக்கம்போல் கையெழுத்து வாங்குவதாலோ கடமை தீர்ந்துவிடாது என்றும் சொல்கிறது. அந்தப் பத்தியைத்தான் நான் உரக்கப் படிக்கச் சொல்வேன்.

எண்களைச் சொல்வதற்குத் தனியாக ஒரு வகுப்பே வேண்டும். 1995-இல் பிரிட்டனில், ஒரு வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரித்தார்கள். உண்மையில் அது 7,000 பெண்களில் ஒருவருக்கு என்பதிலிருந்து இருவருக்கு என்று ஆனதுதான். பயந்துபோய் ஏராளமானோர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் கருக்கலைப்புகள் கூடின. 'பாதியாகக் குறையும்', 'இரண்டு மடங்காகும்' என்ற பேச்சை என் வகுப்பில் அனுமதிப்பதில்லை. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

சமூகப் பணி மாணவர்கள் வந்தபின் விவாதமே வேறு திசைக்குப் போனது. அவர்கள் கொண்டுவரும் பிரச்சினைகளில் மாத்திரை, ஊசி என்று பட்டியல் இருக்காது. இரண்டு முறை விழுந்த முதியவர் தனியாகவே வீட்டில் இருப்பேன் என்கிறார்; மகள் முதியோர் இல்லம் என்கிறார். மருத்துவ மாணவர்கள் மகள் பக்கம் சாய்வார்கள். "விழுந்தா என்ன ஆகும்னு கேட்டோம். அங்க போனா அவர் எதையெல்லாம் இழப்பார்னு யாராவது கேட்டோமா?" என்றார் ஒரு மாணவி. நினைவாற்றல் குறைந்தவர் என்பதாலேயே எல்லா முடிவையும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது என்பதும் அப்போதுதான் பேச்சுக்கு வரும். வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள முடியாதவரால், தான் எங்கே வாழ வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியலாம். காலையில் தெளிவாக இருப்பவரிடம் காலையில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மாரடைப்போடு வந்தவரிடம் உட்கார்ந்து விவாதிக்கச் சொல்லவில்லை. நேரமில்லை என்ற சாக்கு மட்டும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

தேர்வில் மதிப்பெண் எதற்கோ அதைத்தான் மாணவர்கள் செய்வார்கள். அதனால் செய்முறைத் தேர்வில் ஒரு பகுதி மதிப்பெண்ணை நோயாளியாக நடிப்பவரிடமே விட்டுவிட்டோம். கொலாபரேட் என்ற அளவீட்டில் உள்ள மூன்று கேள்விகள்தான்: எனக்குப் புரியவைக்க எவ்வளவு முயன்றார், எனக்கு முக்கியமானதை எவ்வளவு காதுகொடுத்துக் கேட்டார், அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது அதை எவ்வளவு சேர்த்துக்கொண்டார். வார்டு பயிற்சிக்குப் போகும்போது கேஸ் ஷீட் பதிவில் 'நோயாளி தனக்கு முக்கியம் என்று சொன்னது' என ஒரு வரி எழுத வேண்டும், அதுவும் நோயாளியின் வார்த்தையிலேயே. அந்த வரி காலியாக இருந்தால் பதிவில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.