லிபர்டேரியன்: தாராளவாதி அல்லர்

அர்ஜென்டினாவின் ஹாவியர் மிலேய் 2023 அதிபர் தேர்தல் பிரசாரத்தில் இயந்திர ரம்பம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அரசுச் செலவை அறுத்துத் தள்ளுவேன் என்பது அதன் பொருள். தம்மை 'லிபர்டாரியோ', அதாவது தனிமனிதச் சுதந்திரத்தை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் 'லிபர்டேரியன்', என்று சொல்லிக்கொள்ளும் அவரைத் தமிழ்ச் செய்தி ஒன்று 'தாராளவாதி' ஆக்கியிருந்தது. பலமுறை கண்டு புளித்த பிழைதான். என்றாலும் மானியத்தை வெட்ட வந்தவரைத் தாராளக்காரராக்கியதைப் படித்தபோது சிரிப்பதா நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.

தாராளவாதி என்று நாம் தமிழாக்கும் 'லிபரல்', 'லிபர்டேரியன்' இரண்டுக்கும் வேர் லத்தீனில் கட்டற்றவனைக் குறிக்கும் 'லிபர்'. வேர் ஒன்றானால் பொருளும் ஒன்றாகிவிடாது. 1857இல் ஜோசப் தெஜாக் என்னும் பிரெஞ்சு அனார்க்கிஸ்ட் (அரசே கூடாது என்பவர்), பெண்களைத் தாழ்த்தி எழுதிய சக அனார்க்கிஸ்ட் புரூதோனைக் கண்டித்த கடிதத்தில், நீர் லிபரல்தான், லிபர்டேர் (லிபர்டேரியனின் பிரெஞ்சு வடிவம்) அல்லர் என்று சாடினார். அரசியலில் இச்சொல் லிபரலை மறுத்தே பிறந்திருக்க, நம் மொழிபெயர்ப்பாளர்களோ மறுக்கப்பட்டவரின் பெயரையே மறுத்தவருக்கும் சூட்டுகிறார்கள்.

லிபர்டேரியன் கொள்கையைக் 'குறையரசுவாதம்' என்போரும் உண்டு. அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974இல் ஆதரித்து வாதாடிய, காவல், பாதுகாப்பு, நீதிமன்றம் போன்றவை மட்டுமே கொண்ட மிகச் சிறிய அரசுக்கு அது பொருந்தும். அரசையும் தனிச்சொத்தையும் ஒருசேர மறுத்த தெஜாக்குக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் 'லிபரல்' என்ற பெயர் அரசுத் தலையீட்டை ஆதரிப்போரிடம் போய்விட்டதால், 1955இல் டீன் ரஸ்ஸல் என்னும் அமெரிக்க எழுத்தாளர் சந்தை ஆதரவாளர்களுக்கு 'லிபர்டேரியன்' என்ற பெயரைப் பரிந்துரைத்தார். 1971இல் அதே பெயரில் கட்சியும் தோன்றியது. சொத்துடைமையே ஆதிக்கத்தின் ஊற்று என்று இடதுசாரியும், சொத்தில் வரி என்று கைவைப்பதே ஆதிக்கம் என்று சந்தை ஆதரவாளர்களும் சொல்ல, ஒரே சொல் இரு பகையணிகளின் கொடியிலும் பறக்கிறது. ஆகவே தமிழ்ச்சொல் சந்தையையோ அரசின் அளவையோ தன்னுள் அடக்கிக்கொள்ளக் கூடாது.

'சுதந்திரவாதம்' என்றால் நம் காதில் 1947தான் ஒலிக்கிறது. 'விடுதலைவாதம்' ஏழைகளின் விடுதலையை முன்னிறுத்தும் கிறிஸ்தவ விடுதலை இறையியலோடு குழம்பும். என் தேர்வு 'தன்னுரிமையர்', 'தன்னுரிமைக் கொள்கை'. தேசிய இனங்களின் தன்னுரிமை என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பது குறைதான். ஆனால் அங்கே இனம் என்ற அடை முன்னால் நிற்கும். இங்கே தெஜாக்கை இடதுசாரித் தன்னுரிமையர் என்றும், மிலேயைச் சந்தைத் தன்னுரிமையர் என்றும் அடைகொடுத்து எழுதலாம். அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை அப்படியே எடுத்துப்போடும் அவசரக்காரர்களுக்கு இந்த ஓர் அடைமொழியும் பாரமாகத்தான் தோன்றும்.