சிப் நின்றாலும் மோட்டர் நிற்காது

திருகோணமலையில் மைக்ரோகொன்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்) பழகும் பிள்ளைகளின் கையில் இப்போது எஸ்டி-லிங்க் போன்ற டிபக்கர்கள் தாராளமாகப் புழங்குகின்றன. இரண்டு சிக்னல் வயர், ஒரு கிரவுண்ட். ஓடும் சிப்பை நடுவில் நிறுத்தி உள்ளே பார்த்துவிடலாம். மகிழ்ச்சிதான். ஆனால் மேசைப் போர்டில் பழகிய அதே கையோடு, 230 வோல்ட் போர்டிலும் செருகப் போகிறார்களே, அதுதான் பயமாக இருக்கிறது.

கருவியின் அருமை எனக்குத் தெரியும். நிலாவெளிப் பக்கத் தோட்டக் கிணறு ஒன்றின் பம்ப் கன்ட்ரோலர் அடிக்கடி உறைந்துபோகிறது என்று கொண்டுவந்தார்கள். சிப் பழுது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கரண்ட் பிளக்கைப் பிடுங்கி, தனிச் சப்ளையில் ஓட்டி, உறைந்ததும் ரீசெட் பண்ணாமல் டிபக்கரை இணைத்துப் பார்த்தேன். நீர்மட்ட சென்சரின் பதிலுக்காகப் புரோகிராம் ஒரே லூப்பில் காத்துக் கிடந்தது. எவ்வளவு நேரம் காக்கலாம் என்று எல்லையே எழுதவில்லை. சென்சர் கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு, உப்புக் காற்றின் வேலை. சிப்பில் ஒரு குறையும் இல்லை.

இனி ஆபத்துக்கு வருகிறேன். பிரேக்பொயின்டில், அதாவது புரோகிராமில் நாம் நிறுத்தச் சொல்லிக் குறித்த இடத்தில், நிற்பது புரோசசர் மட்டும். ரிலேயை (மோட்டரை ஓன், ஓஃப் பண்ணும் மின்சுவிட்ச்) இழுத்துப் பிடித்திருக்கும் சிப்பின் கால் அப்படியே பிடித்திருக்கும். எஸ்டிஎம்32 வகை மைக்ரோகொன்ட்ரோலர் சிப்களில் டைமர்களும் வழமையாக நிற்பதில்லை. கடைசியாகக் கொடுத்த பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் விட்டுவிட்டு வரும் சிக்னல்) மோட்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். எல்லை வந்ததும் நிறுத்தச் சொல்லும் லிமிட் சுவிட்சையும் கரண்ட் அளவையும் பார்க்க வேண்டிய கோட் மட்டும் உறங்கிவிடும். ஆகவே மோட்டர் வயரைக் கழற்றி, அந்த இடத்தில் சிறு பல்பைப் பூட்டிப் பாருங்கள். வொச்டொக் (புரோகிராம் உறைந்தால் சிப்பை ரீசெட் பண்ணும் காவல் டைமர்) இதற்கு நேர்மாறு: சிப்பை நிறுத்தியதும் அது எண்ணி முடித்து ரீசெட் அடித்து, தேடிய பிழையையே அழித்துவிடும். சிப் நிற்கும்போது டைமரும் வொச்டொக்கும் நிற்க டிபிஜிஎம்சியு (DBGMCU) என்ற, சிப்புக்குள் இருக்கும் டிபக் அமைப்பு ரெஜிஸ்டரில் பிட்கள் உண்டு. டைமரை நிறுத்தினால், கால் எந்த நிலையில் நிற்கிறது என்றும் அளந்து பாருங்கள்.

இதைவிடக் கொடியது டிரான்ஸ்போமர் இல்லாத மலிவுப் போர்ட். பெரிய கப்பாசிற்றர் ஒன்றின் வழியாக நேரே மெயின்ஸிலிருந்து ஐந்து வோல்ட் எடுப்பார்கள். அங்கே கிரவுண்ட் என்று எழுதியிருப்பது மெயின்ஸ் வயரோடு சேர்ந்தது. சாதாரண எஸ்டி-லிங்கில் தடுப்பு எதுவும் இல்லை. அந்த மின்னழுத்தம் யூஎஸ்பி வழியே லப்டொப் வரை வரும். “சார்ஜரைக் கழற்றிப்போட்டு பற்றறியில ஓட்டினாச் சரிதானே அண்ணா?” என்று ஒரு தம்பி கேட்டார். சரியே இல்லை. அப்போது லப்டொப்பின் உடம்பே கரண்டில் நிற்கும். தொடுகிற ஆள்தான் அதற்குப் பாதை.

பிளக்கைப் பிடுங்கி, மீற்றரில் பிளக் காலுக்கும் போர்ட் கிரவுண்டுக்கும் இடையே பாருங்கள். பீப் அடித்தால் விடை தெரிந்துவிட்டது. அடிக்காவிட்டாலும் நம்ப வேண்டாம்; நடுவில் பிரிட்ஜ் டயோட் இருந்தால் பீப் வராது. சந்தேகம் இருக்கிற போர்டுக்கு மெயின்ஸே கொடுக்காமல், சிப்புக்குரிய வோல்ட்டை வெளியிலிருந்து கொடுத்து டிபக் பண்ணுங்கள். மெயின்ஸோடுதான் பார்க்க வேண்டும் என்றால், யூஎஸ்பி ஐசொலேட்டர் (லப்டொப்பையும் டிபக்கரையும் நேரடி மின்தொடர்பில்லாமல் பிரித்துவைக்கும் கருவி) வாங்கும்வரை அந்த வேலையை எடுக்காதீர்கள்.