தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம்?

மே மாதம் வந்தால் ஒரு காட்சி தவறாது. மெயின் ரோட்டில் காலிக் குடங்கள் வரிசையாக நிற்கும். பின்னால் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றுவிடும். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஜீப் வரும். "புது போர் போட்டுத் தர்றோம்மா" என்று யாராவது சொன்னதும் குடங்கள் நகரும். கிராமக் குடிநீர் வேலையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். அந்த ஜீப்பில் பல தடவை நானும் உட்கார்ந்திருக்கிறேன், அதே வாக்குறுதியை நானும் கொடுத்திருக்கிறேன்.

அப்படி ஒரு மறியலுக்கு மறுநாள், சிவகங்கைப் பக்கம் ஓர் ஊராட்சிக்குப் புது போருக்கு இடம் பார்க்கப் போனேன். ஏறக்குறைய 1,200 பேர் இருக்கும் ஊர். ஆழ்துளைக் கிணறு ஒன்று, 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரும் வந்திருந்தார். அவரை ஊர்க்காரர்கள் சுற்றிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்த ஆபரேட்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். என்னைவிட வயதில் மூத்தவர்.

"அண்ணே, தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகுது?"

"முன்னாடி மூணு மணி நேரத்துல ரொம்பிரும் சார். தை மாசத்துல இருந்து அஞ்சரை ஆகுது."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலயே சார்."

மூன்று மணி நேரத்தில் 30,000 லிட்டர் என்றால் மணிக்கு 10,000. ஐந்தரை மணி நேரம் என்றால் சுமார் 5,450. பாதிக்குப் பக்கத்தில் தண்ணீர் எங்கோ போகிறது. நிலத்தடி நீர் இறங்கியிருந்தால் பம்பு காற்றும் தண்ணீருமாக விட்டுவிட்டுத் தள்ளும், பேனலில் ஆம்பியர் முள்ளும் இறங்கி ஆடும். இங்கே முள் அசையாமல் வழக்கமான இடத்தில் நின்றது. சரி என்று மோட்டாரை ஓடவிட்டு, போர் வாயில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மழை பெய்கிற சத்தம். மேலே வர வேண்டிய தண்ணீர் பாதி வழியில் குழாயிலிருந்து பீய்ச்சித் திரும்பக் கிணற்றிலேயே விழுந்துகொண்டிருந்தது.

முக்காலி கட்டி, செயின் பிளாக் போட்டு, குழாயை ஒவ்வொன்றாகத் தூக்கினோம். இரண்டு இரும்புக் குழாய்கள் துருவில் அரித்துப்போயிருந்தன. மாற்றினோம். மறுநாள் தொட்டி மூன்றேகால் மணி நேரத்தில் நிரம்பியது. புது போர் போடவில்லை. தேங்காய்க்காரர் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லா ஊரிலும் குழாய் ஓட்டைதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே நீர்மட்டம் இறங்கிய ஊர்கள் நிறைய. ஆனால் எது காரணம் என்று தெரிந்துகொள்ளாமலேயே போர் வண்டியைக் கூப்பிடுவதுதான் வழக்கமாகிவிட்டது. ராமநாதபுரம், சிவகங்கை மாதிரி இடங்களில் இன்னும் ஆழமாகப் போனால் உப்புத் தண்ணீர் வந்து நிற்கவும் வாய்ப்பு உண்டு. குளிக்கவும் ஆகாத தண்ணீருக்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்டும் ஊராட்சிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கடிகாரம், நாற்பது பக்க நோட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல், இவை போதும். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், அப்போது தொட்டியில் எவ்வளவு என்று தினமும் எழுதினால், சித்திரையில் வரப்போகும் பிரச்சினை மாசியிலேயே நோட்டில் தெரிந்துவிடும். நிரம்பும் நேரம் மூன்று மணியிலிருந்து மூன்றரை, நாலு என்று வாரக்கணக்கில் மெதுவாக ஏறினால் நீர்மட்டம் இறங்குகிறது என்று முதலில் சந்தேகப்படலாம். திடீரென்று ஏறினால் குழாயையும் பம்பையும் பாருங்கள்.

தண்ணீர் தொட்டியில் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்பது அடுத்த கேள்வி. இதற்கு ராத்திரிதான் சரியான நேரம். பத்து மணிக்கு மேல், ஊர் அடங்கிய பிறகு, தொட்டியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் விடும் கேட் வால்வைத் திறந்துவைத்துவிட்டுத் தொட்டியின் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போடக் கூடாது. விடியற்காலை நாலு மணிக்கு மறுபடி பாருங்கள். தொட்டியின் தரைப்பரப்பு 12 சதுர மீட்டர் என்றால், மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினாலே 1,200 லிட்டர் போயிருக்கிறது. கொஞ்சம் வீட்டுத் தொட்டிகளுக்குப் போயிருக்கும். மீதி மண்ணுக்குள். அப்புறம் ஒவ்வொரு தெரு வால்வாக மூடிக்கொண்டே வந்தால் எந்தத் தெருவில் கசிவு என்று பிடித்துவிடலாம். நான் பார்த்தவரை, பாதி நேரம் கசிவு இருப்பது வால்வு குழியிலேயேதான். மேலே மூடி இல்லாமல், உள்ளே பிளாஸ்டிக் கவர் மிதக்க, வருடக்கணக்காக.

ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அதன் கணக்கு. 1,200 பேருக்கு 66,000 லிட்டர். அதாவது 30,000 லிட்டர் தொட்டியைத் தினம் இரண்டு தடவைக்கு மேல் நிரப்ப வேண்டும். தெருக்குழாய் இருந்த காலத்தில் தண்ணீர் குறைந்தால் வரிசையின் நீளம் காட்டிக்கொடுத்துவிடும். இப்போது வரிசை இல்லை. தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் சம்பு நிரம்பி வழியும், கடைசித் தெருவில் குழாய் 'புஸ்' என்று காற்று விடும். அந்தக் கடைசித் தெரு பெரும்பாலும் காலனியாக இருப்பது தற்செயல் இல்லை. குழாய் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கோடு போட்டவர்களில் நாங்களும் உண்டு.

இதில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது தனிக் கொடுமை. தண்ணீர் திருட்டு என்று மட்டும்தான் எல்லோரும் இதைத் திட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. வீட்டு மோட்டார் இழுக்கும்போது தெருவுக்கு அடியில் போகும் குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்துவிடும். அப்போது எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்ததோ, அதே ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். மோட்டார் வைத்தவர் வீட்டுக் குடத்துக்கே அது போகும். இதை கிராம சபையில் சொன்ன ஓர் ஊரில் அடுத்த வாரமே நாலைந்து மோட்டார்கள் காணாமல் போயின. அபராதம் என்று மிரட்டியபோது நகராதவை.

பிளீச்சிங் பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டியை மாதம் இரண்டு தடவை கழுவ வேண்டும், கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். எங்கள் பக்கம் 5, 20 தேதிகள். தேதி எழுதுவது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது. கழுவுவதைப் பற்றி அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். புதுப் பவுடரில் குளோரின் சத்து சுமார் 33 சதவீதம். மூட்டையைப் பிரித்து மோட்டார் ரூம் மூலையில் திறந்தே போட்டுவைத்தால் வெயிலிலும் ஈரத்திலும் அது பறந்துபோய், மிஞ்சுவது சுண்ணாம்பு. அதைக் கரைத்து ஊற்றினால் மனசுக்குத்தான் சுத்தம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்று போட்டால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, கசடு படியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும்.

சரியாகப் போட்டோமா என்று தொட்டியடியில் பார்த்துப் பயனில்லை. கடைசித் தெருவில், கடைசி வீட்டுக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டால் முடிந்தது. 'மருந்து வாடை அடிக்குது' என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. லேசான வாடை வந்தால் எனக்கு நிம்மதிதான். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் பரிசோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். கிருமி பார்க்கும் குப்பியில் தண்ணீரை ஊற்றிவைத்தால், கிருமி இருந்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். அந்தப் பெட்டி உங்கள் ஊரில் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

தொட்டியின் மூடிக்கும் ஏணிக்கும் பூட்டு போடுங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்த பிறகும், பூட்டு இல்லாத தொட்டிகளை நான் பார்க்கிறேன்.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் எங்கள் மாவட்டங்களில் ஊருணிகளை ஊர் மறந்தது. எங்கிருந்தோ காவிரி குழாயில் வந்துவிடுகிறதே, பிறகு ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை எதற்கு வெட்ட வேண்டும்? நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பிரதானக் குழாய் உடையும் நாளில்தான் ஊருணி ஞாபகம் வரும். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10 லட்சம் லிட்டர். அதில் நாலில் ஒரு பங்கு ஊருணிக்கு வந்து சேர்ந்தாலும், நான் சொன்ன ஊருக்கு மூன்றரை நாளைக்கு மேல் தண்ணீர். வரத்துக்காலின் மேல் வீடு கட்டியவர் ஊராட்சியில் செல்வாக்கானவராக இருந்துவிட்டால் அது வேறு கதை, இன்ஜினியர் கையில் இல்லாத கதை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்திலேயே ஏரி வாரியம் என்று தனிக் குழு உண்டு. குடவோலையில் தேர்ந்தெடுத்தவர்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டார்கள். நம் ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் ஊருணி என்ற சொல் கடைசியாக எப்போது வந்தது என்று பார்க்கலாம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக்கும் தமிழ்நாட்டில் ஒரு கிராம சபை உண்டு. கோடை தொடங்கும் நேரம், கேள்வி கேட்க இதைவிட நல்ல தேதி கிடையாது. 'தண்ணி வரல' என்று மட்டும் சொன்னால் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். தையில் தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆனது, இப்போது எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வீட்டில் குளோரின் எப்போது பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த ஊருக்கு ஓய்வு பெறுவதற்கு முன் இன்னொரு தடவை போனேன். ஆபரேட்டர் அண்ணன் பேத்தியின் பழைய கணக்கு நோட்டில் மிச்சப் பக்கங்களை எடுத்துக்கொண்டிருந்தார். கோணல் எழுத்தில் தேதியும் நேரமும், ஒரு நாள்கூட விடாமல். அன்றைய வரியில் 3.20 என்று இருந்தது. பக்கத்தில் இன்னொரு வரி: 'பம்பு சத்தம் சரியில்ல. சொல்லியாச்சு.'